அமுக்கினா இறங்குது, விட்டா ஏறுது

நாலு நாளா எனக்கு வேற நெனப்பே இல்ல. சாப்பிடும்போதும் அதான், தூங்கும்போதும் அதான். இன்னிக்குக் காலையில ஒருவழியா முடிஞ்சுது. அந்தச் சந்தோஷம் ஆறறதுக்குள்ள எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் வரும். டீயை எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

மாமாவுக்கு திண்டுக்கல்ல ஒரு சின்ன ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, வளைகாப்புன்னு எந்த விசேஷமா இருந்தாலும் வீடியோ எடிட் பண்றது, ஆல்பம் டிசைன் பண்றது எல்லாமே ஒரே ஒரு சிஸ்டத்துலதான். ஐ7 4790. 2014-ல வந்த ப்ராசசர். செகண்ட்ஸ்ல வாங்கினது. "இது சோறு போடுற மிஷினு"ன்னு வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை அதுக்கும் சேர்த்து சாம்பிராணி காட்டுவாரு.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். கடைக்குள்ள நுழைஞ்சா, சிபியூவோட பக்கத்துத் தகடு கழண்டு சுவத்துல சாஞ்சிருக்கு. அதுக்கு எதிர்ல ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேல அத்தையோட அடுப்படி டேபிள் ஃபேன். ஃபுல் ஸ்பீடுல ஓடுது.

(நம்ம ஊர்ல அந்தப் பெட்டி மொத்தத்துக்கும் 'சிபியூ'ன்னுதான் பேரு. குழப்பம் வேணாம்னு இனிமே பெட்டியை கேபினெட்னும், உள்ள இருக்குற சில்லை ப்ராசசர்னும் சொல்றேன்.)

"என்ன மாமா இது?"

"அதை ஏன் மாப்ள கேக்குற. கத்திரி வெயில்ல மனுஷனுக்கே தாங்கல, மிஷினுக்கு எப்படித் தாங்கும்? முன்னெல்லாம் ஒன்னரை மணி நேரத்துல ரெண்டர் முடியும். இப்ப ராத்திரி போட்டுட்டுப் போனா காலையிலயும் ஓடுது. இல்லன்னா பாதியில ஆஃப் ஆயிடுது. வைகாசி முகூர்த்தம் வேற, மூணு பார்ட்டி தலைக்கு மேல நிக்கிறாங்க."

சர்வீஸ் பண்றவர் ஒருத்தர் வந்து பார்த்துட்டு, "போர்டு வீக் ஆயிடுச்சு. போர்டு, ப்ராசசர், ரேம் மூணையும் மாத்திடுங்க, இருபதாயிரத்துக்கு மேல ஆகும்"னு சொல்லிட்டுப் போயிருக்காரு. மாமா நகையை வைக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தாரு.

எனக்கு அதுதான் சுருக்குனு இருந்துச்சு. ஒரு டெம்பரேச்சர்கூட அளந்து பார்க்காம எப்படி இருபதாயிரம்னு முடிவு பண்ண முடியும்?

சரி, முதல்ல அளப்போம்னு உக்காந்தேன்.

கோர் டெம்ப்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கு, காசு கிடையாது. இன்ஸ்டால் பண்ணிப் பார்த்தா, எதுவும் ஓடாம சும்மா இருக்கும்போதே 62 டிகிரி. ஒரு ரெண்டரை (எடிட் பண்ணினதை முழு வீடியோவா மாத்துற வேலை) தட்டினேன். ரெண்டே செகண்டு. 100.

இந்த ப்ராசசருக்கு 100 டிகிரிதான் கடைசி எல்லை. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாத்திக்கிறதுக்காக அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். 3.8 ஜிகாஹெர்ட்ஸ்ல ஓட வேண்டியது 1.5, 1.2ன்னு இறங்கி இறங்கி ஓடுது. அப்படியும் சூடு கட்டுப்படலன்னா மொத்தமா ஆஃப் ஆயிடும். ஆக, மாமாவோட சிஸ்டம் கெட்டுப்போகல. சாகாம இருக்க மூச்சைப் புடிச்சுக்கிட்டு ஓடிக்கிட்டு இருந்திருக்கு. பாவமா இருந்துச்சு எனக்கு.

இப்ப வெயில் கணக்கைப் பார்ப்போம். ஏன்னா கடைக்கு வந்தவங்க எல்லாரும் சொன்னது அதைத்தான், "வெயில்தாம்பா".

வெயிலுக்குப் பங்கு இருக்கு, இல்லேங்கல. ஆனா எவ்வளவு? ப்ராசசர் எப்பவும் அறையோட சூட்டுக்கு மேல இத்தனை டிகிரின்னுதான் நிக்கும். அறை ஒரு டிகிரி ஏறினா அதுவும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏறும். தை மாசம் கடைக்குள்ள 28 இருந்திருக்கும். இப்ப 36. வித்தியாசம் 8 டிகிரி. அப்ப ப்ராசசரும் 8 டிகிரிதான் ஏறியிருக்கணும். சும்மா இருக்கும்போது 40 காட்டினது 48 ஆகலாம். 62 எப்படி வந்துச்சு? மீதிச் சூட்டுக்கு வெயில் பொறுப்பில்ல. வேற யாரோ இருக்காங்க.

முதல் நாள் தூசி.

ப்ளோயரை வச்சு அடிச்சேன். அப்பா! சாம்பிராணிப் புகையும் தெருப் புழுதியும் சேர்ந்து, ப்ராசசர் மேல உக்காந்திருக்குற ஹீட் சிங்க் இடுக்குல கம்பளி மாதிரி அடைஞ்சு கெடந்துச்சு. (ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால புடிச்சுக்கணும். காத்துல அது தாறுமாறாச் சுத்தினா பேரிங் போயிடும்.) எல்லாம் பளிச்சுனு ஆச்சு. ஆவலா ஆன் பண்ணிப் பார்த்தா 59. வெறும் மூணு டிகிரி. ரெண்டர் போட்டா மறுபடி ரெண்டு செகண்டுல 100.

இந்த "ரெண்டு செகண்டு" இருக்கு பாருங்க, அதுதான் துப்பு. அன்னிக்கு ராத்திரி படுத்துக்கிட்டே யோசிச்சப்பதான் எனக்கு அது உறைச்சுது.

தூசி அடைச்சிருந்தாலோ, ஃபேன் சரியாச் சுத்தாம இருந்தாலோ சூடு மெதுவாத்தான் ஏறும். ஏன்னா ஹீட் சிங்க்ங்கிறது நல்ல கனமான உலோகம். அது சூடாகவே சில நிமிஷம் புடிக்கும். அதுவரைக்கும் ப்ராசசர் தன் சூட்டை அதுக்குள்ள இறக்கிக்கிட்டே இருக்கலாம். தட்டின உடனே உச்சிக்குப் போகுதுன்னா, சூடு ஹீட் சிங்க்குக்குப் போய்ச் சேரவே இல்லன்னு அர்த்தம். வழியிலயே எங்கயோ அறுந்திருக்கு.

மறுநாள் காலையில போனதும் முதல் வேலையா அதைச் சோதிச்சேன். ரெண்டர் ஓடுது, ஸ்க்ரீன்ல 100 காட்டுது. ஹீட் சிங்க்கோட ஓரத்து அலுமினியத் தகட்டை விரல் நுனியால தொட்டேன். (ஃபேன் இறக்கை பக்கம் விரல் போகாம பார்த்துக்கோங்க.) அப்பப் பொறந்த குழந்தையைக் குளிப்பாட்ட வெளாவி வச்ச தண்ணி மாதிரி வெதுவெதுன்னு இருக்கு. அவ்வளவுதான். உள்ள நெருப்பு, ஒரு விரக்கடை தள்ளி வெதுவெதுப்பு.

எவ்வளவு நெருப்புன்னு ஒரு கணக்கு சொல்றேன். இந்த ப்ராசசர் 84 வாட். உள்ள இருக்குற சிலிக்கான் சில்லு 177 சதுர மில்லிமீட்டர்தான், கட்டைவிரல் நகத்தளவு. வீட்டு இஸ்திரிப் பெட்டி 1000 வாட்டுன்னாலும் அந்தச் சூடு உள்ளங்கையைவிடப் பெரிய தகடு முழுக்கப் பரவி நிக்குது. அதே அளவு இடம்னு எடுத்து ஒப்பிட்டா, ப்ராசசர்ல இருந்து வர்ற சூடு இஸ்திரிப் பெட்டியைப் போல ஆறேழு மடங்கு. அந்த நகத்தளவு இடத்துல இருந்து இவ்வளவு சூடும் வெளியேறியாகணும், அதுவும் ஒவ்வொரு செகண்டும். அதுக்கு இருக்குறது ஒரே வழி, மேல உக்காந்திருக்குற ஹீட் சிங்க். ரெண்டுக்கும் நடுவுல தாள் கனத்துக்கு இடைவெளி விழுந்தாக்கூட போச்சு.

ஏன்னா இடைவெளின்னா காத்து. சூட்டைக் கடத்துறதுல காத்து மாதிரி சோம்பேறி கிடையாது. காத்தைவிட அலுமினியம் சுமார் 9,000 மடங்கு நல்லாக் கடத்தும். தாமிரம் 15,000 மடங்கு. அதனாலதான் நடுவுல தெர்மல் பேஸ்ட் தடவுறோம். உலோகத்தளவுக்கு அது சூட்டைக் கடத்தாது, ஆனா காத்தை வெளிய தள்ளிட்டு அந்த இடத்துல அது உக்காந்துக்கும்.

அடி வளைஞ்ச தோசைக்கல்லை ஹாட் பிளேட் ஸ்டவ்வுல வச்சுப் பார்த்திருக்கீங்களா? நடுவுல கருகும், ஓரத்துல மாவு மாவாவே இருக்கும். அடுப்பும் நல்லா இருக்கு, கல்லும் நல்லா இருக்கு, ஒட்டுறதுலதான் கோளாறு. அதே கதைதான் இங்கயும்.

ரெண்டாம் நாள் பேஸ்ட் மாத்தினேன்.

பழைய பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்புக் கட்டியா இருந்துச்சு. பக்கத்து மொபைல் சர்வீஸ் கடைத் தம்பிகிட்ட கொஞ்சம் ஐபிஏ, அதான் ஐசோப்ரொபைல் ஆல்கஹால், வாங்கி, (எல்லா மொபைல் சர்வீஸ் கடையிலயும் இருக்கும், போர்டு கழுவ வச்சிருப்பாங்க) மாமாவோட பழைய வேட்டித் துணியில நனைச்சுத் தொடைச்சேன். ப்ராசசர் மேல்மூடி கண்ணாடியாட்டம் வந்துச்சு. நடுவுல துவரம்பருப்பு அளவுக்குப் பேஸ்ட் வச்சு, ஹீட் சிங்க்கை உக்கார வச்சு, நாலு மூலை லாக்கையும் அமுக்கினேன்.

62 இருந்தது 50-க்கு வந்துச்சு! ரெண்டர்ல 88!

மாமா உடனே பையனை அனுப்பி பால்கோவா வாங்கிட்டு வரச் சொல்லிட்டாரு. எல்லாரும் சாப்பிட்டோம்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்த்தா 97.

மனசு விட்டுப்போச்சு. ஆனா அந்த நேரத்துலதான் ஒன்னு கண்ணுல பட்டுச்சு. கோர் டெம்ப்ல, ப்ராசசருக்குள்ள இருக்குற நாலு கோருக்கும் தனித்தனியாச் சூடு காட்டும். அதுவரைக்கும் நான் பெரிய நம்பரை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தேன். இப்ப நாலையும் சேர்த்துப் பார்த்தா: 97, 95, 81, 79.

அஞ்சாறு டிகிரி வித்தியாசம் சகஜம். பதினெட்டு டிகிரி சகஜமில்ல. ஒரு பக்கத்துக் கோர் எல்லாம் வேகுது, மறுபக்கம் பரவாயில்லாம இருக்கு. ஹீட் சிங்க் சாஞ்சு உக்காந்திருக்கு!

மூணாம் நாள் காலையில கேபினெட்டைப் படுக்கப் போட்டேன். ரெண்டரை ஓட விட்டேன். ஹீட் சிங்க்கோட நாலு காலையும் ஒவ்வொன்னா மேல இருந்து கட்டைவிரலால மெதுவா அமுக்கிப் பார்த்தேன்.

முதல் கால். ஒன்னுமில்ல. 98.

ரெண்டாவது கால். 98.

மூணாவது. 97.

நாலாவது, ரேம் பக்கத்து மூலையில இருக்குறது. அமுக்கினதும் 'ணக்'குனு லேசா உள்ள போச்சு. ஸ்க்ரீனைப் பார்க்குறேன். 98... 86... 79. விரலை எடுத்தேன். 84... 91... 98. மறுபடி அமுக்கினேன். இறங்குது. விட்டேன். ஏறுது.

"மாமா! இங்க வாங்க! வந்து இதைப் பாருங்க!"

அவரையும் அமுக்கச் சொன்னேன். அவர் கட்டைவிரல் பட்டதும் நம்பர் சரசரன்னு இறங்குறதைப் பார்த்து, குழந்தை மாதிரி ஏழெட்டுத் தடவை அமுக்கி அமுக்கிப் பார்த்தாரு. "நாடி புடிச்ச மாதிரி இருக்கு மாப்ள"ன்னாரு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. இருபதாயிர ரூவா வியாதி, ஒரு விரல் அழுத்தத்துல சரியாகுது!

கழட்டிப் பார்த்தோம். முந்தின நாள் வச்ச பேஸ்ட்டே சாட்சி சொல்லிச்சு. ஒரு பக்கம் நெத்தியில இழுத்த திருநீறு மாதிரி மெல்லிசாப் பரவி, உள்ள உலோகம் மினுமினுங்குது. மறுபக்கம் வெண்ணெய் வழிச்சு வச்ச மாதிரி அப்படியே கட்டியா நிக்குது, அமுங்கவே இல்ல.

அப்புறம் அந்த நாலாவது லாக். ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்தேன். இந்த லாக் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடுறேன், 2004-ல இன்டெல்லோட எல்ஜிஏ 775 சாக்கெட் வந்த காலத்துல இருந்து இதே முறைதான். வெள்ளைப் பிளாஸ்டிக் கால் ஒன்னு, அதோட நுனி பிளந்திருக்கும். அதுக்குள்ள போற மாதிரி ஒரு கறுப்பு ஊசி. வெள்ளைக் கால் போர்டு ஓட்டைக்குள்ள இறங்கினதும், கறுப்பு ஊசி நடுவுல புகுந்து அந்தப் பிளவை அகட்டும். அகண்ட நுனி போர்டுக்குப் பின்பக்கம் கொக்கி மாதிரி மாட்டிக்கும். ஸ்க்ரூ கிடையாது, ஸ்பேனர் கிடையாது. யோசிச்சவர் கெட்டிக்காரர்.

எங்க லாக்குல அந்தப் பிளவோட ஒரு பக்க நுனி ஒடிஞ்சு போயிருந்துச்சு. அரிசிக் குருணை அளவுத் துண்டுதான். அது இல்லாததால கால் ஓட்டைக்குள்ள சும்மா நிக்குது, புடிக்கல. அமுக்கினா உக்காருது, போர்டு சூடாகி அசைஞ்சதும் மெல்ல எழுந்திரிக்குது. பால்கோவா சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும் தாங்காததுக்குக் காரணம் அதுதான்.

எப்படி ஒடிஞ்சிருக்கும்? மாமா யோசிச்சுச் சொன்னாரு, மாசி மாசம் ஒருத்தர்கிட்ட சுத்தம் பண்ணக் குடுத்தாராம். யாரையும் குத்தம் சொல்லல. வருஷக்கணக்காச் சூட்டுல இருந்த பிளாஸ்டிக் மொறுமொறுன்னு ஆயிடும். அதோட அந்த லாக் தலையில ஒரு அம்புக்குறி இருக்கும் பாருங்க, அது நிறைய பேரை ஏமாத்திடுது. அந்த அம்பு காட்டுறது *கழட்டுற* திசை. ஸ்க்ரூ மாதிரி நினைச்சு, அமுக்கிட்டு அம்பு பக்கம் திருகி "டைட்" பண்ணினா அது லாக்கைத் திறந்து விட்டுடும். திறந்த நெலையில வச்சு மறுபடி பலமா அமுக்கினா நுனி ஒடியும். இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. அம்பு பக்கம் கால் சுத்து திருப்பினா கழட்ட. மாட்டுறதுக்கு முன்னாடி நாலையும் எதிர்ப்பக்கம் திருப்பி வச்சுட்டு, நேரா அமுக்கணும். திருகவே கூடாது.

"ஃபெவிக்விக் வச்சு ஒட்டிடலாமா?"ன்னாரு மாமா. வேணாம்னேன். அந்த நுனி வில்லு மாதிரி வளைஞ்சு கொடுக்கணும். பசை காஞ்சா வளையாது, ஒடியும். போதாக்குறைக்குப் போர்டுல ஒழுகினா வேற தலைவலி.

நாலாம் நாள், அதாவது இன்னிக்குக் காலையில, கடை கடையா ஏறினோம்.

முதல் கடை: "லாக் தனியா வராதுண்ணே, ஃபேன் செட்டா எடுத்துக்கோங்க."

ரெண்டாவது கடையிலயும் அதேதான். அங்க காட்டின ஃபேன் பழைய 775 சாக்கெட்டுக்கு உள்ளது. (வாங்கப் போறவங்க இதைக் கவனிங்க. ஓட்டைக்கு ஓட்டை 775-ல 72 மில்லிமீட்டர். 1155, 1150, 1151, 1200 எல்லாத்துலயும் 75. அதுக்கு அப்புறம் வந்த 1700-ல 78. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உக்காராது. இழுத்து வச்சு மாட்டினா சாஞ்சுதான் நிக்கும், மறுபடி இதே வியாதி.)

மூணாவது, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சந்துல ஒரு சின்னக் கடை. வயசான ஒருத்தர், கண்ணாடியை நெத்தியில ஏத்தி விட்டுக்கிட்டு ஏதோ எஸ்எம்பிஎஸ்-ஐ பிரிச்சுக்கிட்டு இருந்தாரு. ஒடிஞ்ச லாக்கை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாரு. ஒன்னும் பேசல. கீழ் தட்டுல இருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வச்சாரு. பாட்டில் நிறைய புது லாக்!

"ஒன்னை மட்டும் மாத்தாதீங்க தம்பி, நாலையும் மாத்துங்க. மத்த மூணும் அதே வயசுதான."

எவ்வளவு சரியான பேச்சு! நாலு லாக்குக்கும் சேர்த்து அவர் வாங்கின காசு ரெண்டு பேர் டிபன் செலவுகூட வராது. அந்தக் கடை வாசல்ல கொஞ்ச நேரம் சும்மா நின்னேன். 'தனியா வராது'ங்கிற பதில்தான் இன்னிக்கு எல்லா இடத்துலயும். அரிசிக் குருணை ஒடிஞ்சதுக்கு அடுப்பையே மாத்தச் சொல்ற காலத்துல, ஒருத்தர் பாட்டில்ல லாக் சேர்த்து வச்சிருக்காரு. அந்த மனுஷர் நல்லா இருக்கணும்.

மாட்டுறப்ப இந்தத் தடவை போர்டை கேபினெட்ல இருந்து வெளிய எடுத்துட்டேன். உள்ள வச்சே அமுக்கினா போர்டு கீழ வளையும், லாக் முழுசா இறங்கினதான்னும் தெரியாது. வெளிய எடுத்து, புதுசாப் பேஸ்ட் வச்சு, எதிரெதிர் மூலையா அமுக்கினேன். முதல்ல இந்த மூலை, அடுத்து அதுக்குக் குறுக்கால உள்ளது, அப்புறம் மத்த ரெண்டு. வரிசையா ஒரே பக்கமா அமுக்கினா ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கும். ஒவ்வொன்னுக்கும் 'டக்'குனு சத்தம் கேக்கணும். டக். டக். டக். டக்.

அப்புறம் போர்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். நாலு மூலையிலயும் வெள்ளை நுனி பூ மாதிரி விரிஞ்சு, நடுவுல கறுப்புப் புள்ளி. நாலும் ஒரே உயரம். மாமாகிட்ட காட்டினேன். "இதைத்தான் மாமா அடுத்த தடவை யாரு மாட்டினாலும் நீங்க பார்க்கணும்"னேன். போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கிட்டாரு.

(இந்த ஒட்டுற பிரச்சனை பழைய சிஸ்டத்துக்கு மட்டும்னு நினைக்காதீங்க. 2021-ல வந்த இன்டெல் 12-ஆம் தலைமுறை ப்ராசசர் கொஞ்சம் நீளமான வடிவம். சாக்கெட் பூட்டு அதை நடுவுல அழுத்துறதால லேசா வளைஞ்சு, ஹீட் சிங்க்கோட முழுசா ஒட்டலன்னு கண்டுபுடிச்சாங்க. பூட்டுக்கு அடியில வாஷர் போட்டவங்க உண்டு. அப்புறம் சீரா அழுத்துற மாதிரி தனிச் சட்டமே விற்பனைக்கு வந்துச்சு. எவ்வளவு புதுசானாலும் அடிப்படை அதேதான்.)

இப்ப நம்பர். கடைக்குள்ள அதே 36 டிகிரி வெயில். கேபினெட் மூடியாச்சு.

சும்மா இருக்கும்போது 45.

ரெண்டர் போட்டா ரெண்டு செகண்டுல 100 ஓடின சிஸ்டம், பத்து நிமிஷம் மெதுவா ஏறி 83-ல நின்னுடுச்சு. நாலு கோரும் 83, 83, 81, 80. வேகம் 3.8-ஐ விட்டு இறங்கவே இல்ல. ஹீட் சிங்க் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். நல்லாச் சுடுது. அந்தச் சூட்டைத் தொட்டப்ப வந்த சந்தோஷம் இருக்கே! சுட வேண்டிய இடம் சுடுது.

அதனால உங்களுக்கு ஒரே வேண்டுகோள். உங்க சிஸ்டம் சூடாகி ஸ்லோ ஆச்சுன்னா, ஆஃப் ஆச்சுன்னா, யாரும் "மாத்திடுங்க"ன்னு சொன்ன உடனே பர்ஸை எடுக்காதீங்க. அளந்து பாருங்க. சூடு மெதுவா ஏறினா தூசியையும் ஃபேனையும் பாருங்க. தட்டின உடனே ஏறினா, தகடு வெதுவெதுன்னு இருந்தா, கோருக்குக் கோர் பெரிய வித்தியாசம் இருந்தா, ஹீட் சிங்க் சரியா ஒட்டல. நாலு காலையும் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. கத்துறது ப்ராசசரா இருக்கலாம், வலி வேற எங்கயோ இருக்கும்.

இதை நான் எழுதிக்கிட்டு இருக்கும்போதே மாமா போன் பண்ணாரு. முதல் பார்ட்டியோட கல்யாண வீடியோ ரெண்டர் முடிஞ்சுதாம். ஒரு மணி இருபத்தஞ்சு நிமிஷம். பின்னால அத்தை குரல் கேட்டுச்சு, "ஏங்க, அப்ப அந்த ஃபேனை எடுத்துக்கிட்டு வாங்க, மூணு வாரமா வெந்துக்கிட்டே சமைக்கிறேன்."

ஃபேன் அடுப்படிக்குத் திரும்பிடுச்சு.